ஒரு பக்கம் மட்டும்

பாளையங்கோட்டையில் காது மூக்கு தொண்டை மருத்துவரான ஜெபசிங்கிடம் அன்று நோயாளியாக வந்தவர் அவருடைய பழைய ஆசிரியை, டாக்டர் ஆவுடையம்மாள். இடது மூக்கு அடைப்பு. ஸ்கேன் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

ஜெபசிங் கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். வெளிறிய சாம்பல் நிறத்தில், பளபளவென்று ஒரு சதை.

"பாலிப்தான் மேடம். உங்க திராட்சை."

ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள், பாலிப்புக்கும் கேன்சருக்கும் என்ன வித்தியாசம் என்று ஜெபசிங் வகுப்பில் கேட்டிருந்தார். மறுநாள் ஆவுடையம்மாள் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையோடு வந்தார். ஒன்றை உரித்து மேசையில் வைத்தார். பாலிப் இப்படி இருக்கும், தொட்டால் வலிக்காது, பெரும்பாலும் இரண்டு மூக்கிலும் வளரும், சாதாரணமாகக் கேன்சராக மாறாது என்றார். சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசைக் கலியன் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"கலியன் இப்ப எங்க இருக்கான்?"

"மஸ்கட்ல மேடம். இன்னும் பாலிப்புன்னுதான் கூப்பிடுதோம்."

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். ஆவுடையம்மாள் கைக்குட்டையால் மூக்கை ஒற்றினார். துணியில் மெல்லிய சிவப்பு.

"மத்த மூக்குல?"

"சுத்தமா இருக்கு மேடம்."

"அப்போ ஒரு பக்கந்தான்."

"ஆமா."

"ரத்தமும் வருது."

"பலமாச் சிந்துனா யாருக்குத்தான் வராது? ஸ்ப்ரே எழுதித் தாரேன். ஒரு மாசம் பார்ப்போம்."

"இந்த நாற்காலியில வேற யாராவது இருந்தா?"

ஜெபசிங் மருந்துச் சீட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"சொல்லுடே."

"ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவேன்."

"எதுக்காம்?"

"ஒரு பக்கம் மட்டும் சதை, கூடவே ரத்தம்னா, திராட்சையாத் தெரிஞ்சாலும் கண்ணை நம்பக்கூடாது. கேன்சராவும் இருக்கலாம்."

"எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"நீங்கதான்."

ஆவுடையம்மாள் தட்டிலிருந்த சிறு இடுக்கியை எடுத்து அவர் கையில் வைத்தார். ஜெபசிங் அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"உங்களுக்குன்னா கை வரமாட்டேங்குது மேடம். எத்தனை பேருக்கு எடுத்திருப்பீங்க. உங்களுக்கு மட்டும் எப்படிக் கை வந்தது?"

ஆவுடையம்மாள் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

"ஒருநாளாவது கை வந்துதான் எடுத்தேன்னு நினைச்சியா? எடுடே."