காது எங்கே

"…ஆளைப் பார்க்கப் போனவன் விளக்கைப் பார்த்துட்டு வந்தானாம்." தயாபரனின் பெரியப்பா ஏதோ ஒரு கல்யாண வீட்டில் சொன்னது. அதற்கு முன்னால் ஒரு வரி உண்டு. அது அவனுக்கு நினைவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் கனடாவிலிருந்து திரும்பியவன், படம் எடுக்கக் கற்றுக்கொள்ளச் செல்வமேரியிடம் வந்தான். அவனைவிட ஆறு வயது இளையவர். ஊர் அவரை மாஸ்டர் என்றது. அவனும் அப்படியே அழைத்தான். அடையாளம் தெரியாத பிணம் கிடைத்தால் போலீஸ் அவரைத்தான் படமெடுக்கக் கூப்பிடும்.

மாஸ்டரிடம் இருந்தது ஒரே லென்ஸ். பிளாஸ்டிக் உடம்பு. ரப்பர் வளையம் போன இடத்தில் சைக்கிள் டியூப் மாட்டியிருந்தார்.

"இதை வெச்சு எப்படி மாஸ்டர்? என்னோடதை எடுத்துக்குங்க."

"உங்க லென்ஸ் என் ஸ்கூட்டியைவிட விலை சார். குளத்துக்குள்ள நழுவிட்டா நான் முதல்ல எதைத் தூக்கறது? பிணத்தையா, அதையா?"

ஐப்பசியில் மாஸ்டர் தங்கையின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். குளத்தில் ஒரு பிணம் ஒதுங்கியது. தயாபரன் தனியாகப் போனான். தன் லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தான். இமையும் மூக்கும் அத்தனை தெளிவு. மற்றதெல்லாம் பனியாகக் கரைந்தது. மாஸ்டர் என்றால் பத்துப் படம் எடுப்பார். இவன் ஒன்றோடு நிறுத்தினான், இதைவிட நல்லது வராதென்று.

நான்காம் நாள் பிணத்தைப் புதைத்தார்கள். ஆறாம் நாள் ஸ்டூடியோவுக்கு ஒரு பெண் வந்தாள்.

"பூரணி சார். வேப்பங்குளம். ஸ்டேஷன்ல இங்க பெரிய படம் இருக்குன்னாங்க."

படத்தில் முகம் ஊதியிருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு இடது காது கிழிஞ்சிருக்கும். இதுல இருக்கா சார்?"

அவன் குனிந்து பார்த்தான். "கிழிசல் எதுவும் தெரியலைம்மா."

அவள் சுவரில் சாய்ந்து சிரித்துவிட்டாள். "மாமியா பொட்டை அழிடின்னு நிக்கிறாங்க. நல்லவேளை."

மாஸ்டர் திரும்பி வந்ததும் அந்தப் படத்தைக் கையில் எடுத்தார்.

"காது எங்கே?"

"மங்கலாத்தான் வரும் மாஸ்டர். அந்த லென்ஸோட அழகே அதுதான்."

"யாராவது வந்து பார்த்தாங்களா?"

சொன்னான். மாஸ்டர் பிணவறை ஊழியர் ஆசீருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"இடது காதா? கிழிஞ்சுல்லா இருந்துச்சு மாஸ்டர். கையில பூரணின்னு பச்சை குத்தியிருந்துச்சு, ஸ்டேஷன்ல யாரும் எழுதிக்கலை. ஏன், படத்துல விழலையா?"

மாஸ்டர் போனை வைத்தார். தயாபரன் லென்ஸைக் கழற்றத் தொடங்கினான்.

"அதை எதுக்குக் கழட்டறீங்க? துவாரத்தைக் கொஞ்சம் மூடி வெச்சிருந்தா அதுவும் காதைக் காட்டியிருக்கும். இவ்வளவு விலை குடுத்துட்டு மூடி வைக்க மனசு வரலை. அவ்வளவுதானே?"

அவன் லென்ஸைத் திரும்ப மாட்டினான்.

"நாளைலேர்ந்து உங்க லென்ஸையே எடுத்துக்கறேன் சார். நல்ல லென்ஸ்." படத்தைக் கவிழ்த்து வைத்தார். "அந்தம்மா இன்னிக்கும் பொட்டு வெச்சிருக்கும்."

மறுநாள் காலை தயாபரன் வேப்பங்குளத்துக்கு பஸ் ஏறினான்.