மிட்டாதாரின் போர்க்குதிரை

ஆடிக் குதிரைச் சந்தையில் மிட்டாதார் ரத்தினசபாபதி, புதிதாக வாங்கிய வெள்ளைக் குதிரையை நிறுத்தி மார்தட்டினார். "அசல் போர்க்குதிரை! இதில் ஏறி மைதானத்தைச் சுற்றி வருபவருக்குக் குதிரையே பரிசு. விழுந்தால் அவருடைய குதிரை எனக்கு!"

ஏறியவர்கள் எல்லாரும் மண்ணைக் கவ்வினார்கள். ஜட்கா வண்டி ஓட்டும் வெள்ளத்தாய் மட்டும் ஒன்றைக் கவனித்தாள். தூரத்துக் கோயிலில் மேளம் முழங்கியபோது குதிரை முன்னங்காலைத் தூக்கியது.

"நான் ஏறுறேன் எசமான்."

"விழுந்தா உன் வண்டிக்குதிரை போயிடும். அப்புறம் நீதான் வண்டி இழுக்கணும்!"

"இழுத்துக்கிறேன். கோயில் மேளக்காரங்களை மட்டும் இங்க வந்து வாசிக்கச் சொல்லுங்க."

"உன் சாவுக்கா? தாராளமா வாசிக்கட்டும்!"

மேளக்காரர்கள் வந்து நின்றதும் வெள்ளத்தாய் ஏறினாள். குதிரை திமிறியது. பிடரியை விடாமல் பிடித்துக்கொண்டு, "கெட்டிமேளம்!" என்று கத்தினாள். தவில் அதிர்ந்ததும் குதிரை அடங்கியது. தாளத்துக்குக் கால் மாற்றி ஆடியபடியே மைதானத்தைச் சுற்றிவந்து, மிட்டாதார் முன் மண்டியிட்டது.

சந்தையே சிரித்தது.

"என் போர்க்குதிரையை என்னடி பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலை எசமான். இது இத்தனை நாளும் சுமந்துபோனது மாப்பிள்ளைகளை. அதுவும் போர்க்களத்துக்குப் போற வழிதானே!"