வெயிலில் வைத்த கட்டை

அந்த மலையடிவார மடத்தில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். குரு மெய்யம்மைக்கு நாற்பது; சீடர் வைரவன் அறுபதைத் தாண்டியவர். அவர் இவரை ‘அம்மா’ என்பார், இவர் அவரை ‘ஐயா’ என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

அன்று ஆடி அமாவாசை. பொழுது சாய்ந்தால் ஜனங்கள் மலைக்கோயிலுக்கு ஏற ஆரம்பித்துவிடுவார்கள். போன வருஷம் இதே நாளில் பூமாரி என்கிற பெண் இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். வைரவன்தான் அவளைத் தோளில் சுமந்து இறங்கினார். வழியெல்லாம் அவள் அலறியது இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை. அடுத்த ஆடி அமாவாசைக்கு ஒருத்தர்கூட இருட்டில் கால் வைக்கக்கூடாது என்று அன்றைக்கே சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டார். மனுஷர் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

அதற்காக, மலையேறுகிறவர்களுக்குக் கொடுக்கச் சந்தையில் மலிவாகக் கிடைத்த டார்ச்சுகளை ஒரு கூடை நிறைய வாங்கி வந்திருந்தார். உள்ளே சார்ஜ் ஏற்றுகிற லித்தியம் பேட்டரி. காலையிலேயே பேட்டரிகளையெல்லாம் கழற்றி, முற்றத்துக் கல்லில் வெயில் படப் பரப்பிவிட்டார். நம் பக்கத்தில் டார்ச் மங்கினால் பேட்டரிக் கட்டையை வெயிலில் காயப்போடாத வீடு உண்டா என்ன? வடகத்துக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கிவிடுவோம். பழைய கட்டைக்கு அது சரி, கொஞ்சம் தெம்பு வரும். இது வேற ரகம் என்று பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

உச்சி வெயிலில் ஒரு கட்டை ‘உஸ்ஸ்’ என்று சீறியது. புகை வந்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் தீ பீய்ச்சியடித்துக் கொடியில் கிடந்த துண்டைப் பற்றிக்கொண்டது. மெய்யம்மை ஓடிவந்து துடைப்பத்தால் மற்ற கட்டைகளைத் தள்ளிவிட்டு, துண்டையும் கீழே இழுத்துப் போட்டு, எரிந்தவற்றின் மேல் வாளி வாளியாக மணலைக் கொட்டினார். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வைரவன் ஆனாலும் விடவில்லை.

“வெயில்ல வச்சது என் தப்பும்மா. இனி வைக்கல. ஒண்ணுதானே கெட்டது?”

“ம்.”

“நல்ல மனசோடதானே வாங்கினேன். கொடுக்கிறதுக்கு அது போதாதா?”

மெய்யம்மை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “இதை நம்மகிட்ட வாங்கிக்கிறவங்க எங்கே வச்சுக்குவாங்க?”

“இடுப்புல செருகிக்குவாங்க. பிள்ளைங்க கையில பிடிச்சுக்கும்.”

“வீட்டுக்குப் போய்?”

“சார்ஜ் போட்டுட்டுத் தூங்கிடுவாங்க.”

“சரி ஐயா. அடுத்து வெடிக்கப்போறது எதுன்னு பார்த்து எடுத்து வைங்க. மத்ததையெல்லாம் கொடுத்துடலாம்.”

வைரவன் நிழலில் உட்கார்ந்தார். எல்லாக் கட்டைக்கும் ஒரே பச்சை உறை, சக்தி இவ்வளவு என்று போட்ட ஒரே பெரிய எண். கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். சிலது தக்கை மாதிரி இருந்தது. ஒன்றின் உறையை மெல்ல உரித்தார். உள்ளே எங்கேயோ உழைத்துத் தேய்ந்த பழைய கட்டை, துருவோடு பல்லிளித்தது. அடப்பாவிகளா என்று வாய்விட்டே திட்டினார். பக்கத்திலிருந்ததும் அப்படித்தானா? அதற்குப் பக்கத்தில்?

வெகுநேரம் கழித்து எழுந்து வந்தார்.

“தெரியலம்மா.”

“அப்போ எனக்கு ஒண்ணு கொடுங்க. இடுப்புல செருகிக்கிறேன்.” மெய்யம்மை கையை நீட்டி ஒரு கட்டையை எடுத்து டார்ச்சில் போட்டார்.

“ஐயோ, வேண்டாம்!” வைரவன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

பிடுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. டார்ச்சைத் திறந்து உள்ளே இருந்த கட்டையைக் கழற்றினார். பிறகு ஒன்றொன்றாகக் கட்டைகளை மணல் நிரப்பிய சட்டியில் வைத்து மூடி, சட்டியை மடத்துக்குத் தள்ளிப் பாறை மறைவில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

வந்தவர் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

“சத்தியம் பண்ணிட்டேனேம்மா. பொழுது சாயப்போகுது. ஜனங்க வர ஆரம்பிச்சுடுவாங்க. இன்னொரு பூமாரி விழுந்தா நான் எங்கே போய் முட்டிக்குவேன்?”

“பூமாரி எங்கே விழுந்தா?”

“சுனைக்கு மேல. பாசி பிடிச்ச படியில.”

“நல்லாத் தெரியுமா?”

“மறக்குமாம்மா? கண்ணை மூடிக்கிட்டுக் காட்டுவேன்.”

மெய்யம்மை உள்ளே போனார். ஒரு கையில் மண்வெட்டியும் கயிறும், மறு கையில் சுண்ணாம்பு வாளியுமாக வெளியே வந்தார். மண்வெட்டியை அவர் முன்னால் வைத்தார்.

“அதான் வழுக்குற படி எதுன்னு தெரியுதே. பாசியைச் செதுக்கி, பிடிச்சுக்கக் கயிறு கட்டி, இருட்டுலயும் தெரியச் சுண்ணாம்பு அடிச்சுடலாம். எழுந்திருங்க ஐயா.”