பின்னறைப் பூட்டு

“எங்க வீட்டை யாருமே வாங்க மாட்டேங்காவ, அம்மா.”

மடத்து வாசலில் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. ஆவுடையப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

மடத்தை நடத்துகிற முத்தரசியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தென்காசிக்கு வெளியே இரண்டு அறை, ஒரு கிணறு, அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பது வயது. ஆவுடையப்பனுக்கு அறுபத்துநாலு. ஆனாலும் அவர் வாயில் ‘அம்மா’ தவிர வேறு வராது. அம்மா அவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

“வந்து பாக்காவளா?”

“பாக்காவ. தலையை ஆட்டுதாவ. போயிருதாவ.”

“வீட்டுல என்ன இருக்கு?”

“எல்லாம் இருக்கு.”

“அதான்,” என்றார் அம்மா. அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் ஆவுடையப்பனின் தங்கை சொர்ணம் தனியாக இருக்கிறாள். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. போன மாதம், உலை கொதிக்கிற பானையைத் தடவிப் பார்த்து உள்ளங்கை வெந்துவிட்டது. தென்காசி வீட்டை விற்றுவிட்டு, ஆவுடையப்பனும் அவர் மனைவி பிரமுவும் அவளுக்குத் துணையாகப் போய்விடுவதாகப் பேச்சு. பேசியது சித்திரையில். இப்போது ஆடி.

வீட்டுக்குத் திரும்பியவர் அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிய மனிதர். கேட்க வேண்டுமா? பரணில் கிடந்தது, கட்டிலுக்கு அடியில் கிடந்தது, பீரோவுக்கு மேலே கிடந்தது, எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயின. பெட்டிக்கு ஓர் எண். எண்ணுக்கு ஒரு பட்டியல். மொத்தம் அறுபத்திரண்டு பெட்டிகள்.

“என்னையும் ஒரு பெட்டியில போட்டு நம்பர் ஒட்டிருங்க,” என்றாள் பிரமு.

“அட்டை தாங்காது.”

முன்னறை துடைத்து வைத்த மாதிரி ஆயிற்று. பேசினால் எதிரொலித்தது.

பெட்டிகள்? அவை பின்னறைக்குப் போயின. தரையிலிருந்து உத்தரம் வரை. கதவை இழுத்துச் சாத்தி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூன்று குடும்பங்கள் வீடு பார்க்க வந்தன. மூன்றும் பின்னறை வாசலில் வந்து நின்றன.

“இதுக்குள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. சாமான்.”

“திறங்களேன், பாப்போம்.”

“திறந்தா சரிஞ்சிரும்.”

மூன்றாவதாக வந்த அம்மாள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படி இறங்கினாள். ஒரே வாரம். தெரு முழுக்கப் பேச்சு. ஆவுடையப்பன் வீட்டுப் பின்னறையில் யாரோ தூக்கு மாட்டிக்கொண்டார்களாம். பால்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அது பாம்புப் புற்று என்றார். தினமும் பால் வைக்கிறார்கள், ஊற்றுகிறவனுக்குத் தெரியாதா என்றார்.

மறுபடியும் மடம்.

“இப்ப எங்க வீட்டுல பேய் இருக்குங்காவ.”

“இருக்கா?”

“விளையாடாதீங்க அம்மா. இங்க பக்கத்து அறை சும்மாதானே கிடக்கு? பெட்டியை எல்லாம் கொஞ்ச நாளைக்கு இங்க போட்டுக்கிடட்டுமா? குட்டியானை வண்டியில மூணு நடை. அவ்வளவுதான்.”

“கொண்டு வாங்க.”

ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது.

“ஆனா இங்க வைக்க இடம் கிடையாது,” என்றார் அம்மா. “புழங்கத்தான் இடம்.”

“புழங்கவா? கீறல் விழுந்திருமே.”

அம்மா எழுந்தார். சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார்.

“வாங்க, வீட்டைப் பாப்போம். நானும் ஒரு வீடு வாங்குத ஆளுன்னு வச்சுக்கிடுங்க.”

போனார்கள். முன்னறையை அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் ரெண்டு நாள் முட்டிபோட்டுத் தேய்த்த தரை. நேராகப் பின்னறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

“எனக்கு இந்த அறை மட்டும் போதும். இதைக் குடுங்க.”

“இது விக்கதுக்கு இல்ல அம்மா!”

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. அடுக்களையில் பிரமு சிரித்த சத்தமும் கேட்டது.

“சாவி,” என்று அம்மா கையை நீட்டினார்.

கொடுத்தார்.

கதவு திறந்தது. சொன்னபடியே சரிந்தது. ஒரு பெட்டி வாய் பிளந்து, செம்பும் சம்புடமும் தூக்குவாளியுமாகக் கூடம் வரைக்கும் உருண்டு போயின. கடைசியாக ஒரு டம்ளர் சுற்றி அடங்கியது.

அம்மா தூக்குவாளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பேர் வெட்டியிருந்தது. நம் பக்கத்தில் அப்படித்தானே? கல்யாண வீட்டுக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் தன் பேரை வெட்டாமல் கொடுத்தால் கொடுத்தவருக்குத் தூக்கம் வராது. வெட்டிக் கொடுத்துவிட்டால், வாங்கினவர் அதை அடுத்த கல்யாணத்தில் தள்ளிவிட வழி கிடையாது.

“ஆய்க்குடி மாடத்தி,” என்று படித்தார் அம்மா. “யாரு அண்ணாச்சி?”

“எங்க பெரியப்பா மக. எனக்கு அக்கா முறை. எங்க கல்யாணத்துக்குக் குடுத்தது. பேர் இருக்கையில அதைக் கொண்டுபோய்ப் பழைய பாத்திரக் கடையில போட முடியுமா? நாளைக்கு அக்கா கேட்டா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிக்க?”

“அக்கா இருக்காவளா?”

“இருக்காவ. அதே ஆய்க்குடியிலதான்.”

“கடைசியா எப்பப் பாத்தீங்க?”

ஆவுடையப்பன் யோசித்தார். சாலையில் வண்டி கிடைத்தால் அரைமணி நேர வழி.

“பன்னெண்டு வருஷம் இருக்கும்.”

அம்மா வாளியை முந்தானையால் ஒரு துடை துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒரு கீறல் இல்ல,” என்றார்.

ஆவுடையப்பனுக்கு உறைத்தது. கோபமும் வந்தது.

“நான் என்ன சும்மாவா உக்காந்திருக்கேன் அம்மா? வீடு வித்த அன்னைக்கே சொர்ணத்துக்கிட்டப் போயிருவேன். என் தங்கச்சி அவ. எனக்கு மட்டும் மனசு கிடந்து அடிக்கலையா?”

“இன்னைக்குப் போனா என்ன?”

“எப்படிப் போக? அவ வீட்டுல ரெண்டே ரெண்டு அறை. இவ்வளவு சாமானும் அங்க கொள்ளாது.”

“நீங்க கொள்ளுவீங்களா?”

ஆவுடையப்பன் சரிந்த பெட்டியை நிமிர்த்தப் போனார்.

“கொள்ளுவோம்.”

பதில் அடுக்களை வாசலிலிருந்து வந்தது. பிரமு ஒரு துணிப்பையோடு நின்றாள்.

“ரெண்டு சேலை, ரெண்டு வேட்டி. சித்திரையிலயே கட்டி வச்சிட்டேன். தீப்புண் மருந்து மட்டும் போன மாசம் சேத்தது.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னேனே. நீங்க நாப்பத்தொண்ணாவது பெட்டிக்குள்ள இருந்தீங்க.”

ஆவுடையப்பன் பின்னறையைப் பார்த்தார். பெட்டிகளுக்கு மேலே, உத்தரத்தை ஒட்டி, சன்னலின் மேல் விளிம்பு ஒரு சாண் தெரிந்தது. அந்த அறைக்கு ஒரு சன்னல் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது.

நாதாங்கியில் தொங்கிய பூட்டைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

“மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சா விளக்கு வைக்க முன்ன போயிரலாம்,” என்று பிரமு படி இறங்கினாள்.

“வீடு பாக்க வாறவங்களுக்கு நான் காட்டுதேன்,” என்றார் முத்தரசியம்மா. “பின்னறையில என்ன இருக்குன்னு கேப்பாவளே, அண்ணாச்சி. என்ன சொல்ல?”

ஆவுடையப்பன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை.

“அதுல அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுக் குடுங்க, அம்மா.”