சட்டைப் பெட்டியும் சுற்றி வந்த மைக்கும்

தெய்வநாயகம் தம் அறுபத்தோராவது வயதில் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் மார்சலின். வடசென்னையில், ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில், முத்துநகர் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுப்பவர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் தெய்வநாயகம். காலை ஐந்தரைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மைதானத்துக்கு வந்துவிடுவார். யார் யாருக்குப் பந்தைக் கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்வார். வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் "கோச்சம்மாவைக் கேக்கணும்" என்பார்.

அப்படிப்பட்டவருக்கே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சந்தேகம் வந்துவிட்டது.

"கோச்சம்மா, போன மேட்ச்சுல நானூத்திப் பன்னெண்டு பாஸ். கோல் எத்தினி தெரியுமா?"

"தெரியும்ணா. சைபர்."

"பந்து நம்மகிட்டயே இருந்து இன்னா பிரயோஜனம்? கோல் எப்ப வரும்?"

மார்சலின் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். "மன்றத்துல கூட்டத்துக்கு நேரமாச்சு. வாங்க, போலாம்" என்றார்.

அன்று மாலை நாலு மணிக்கு அரையிறுதி ஆட்டம். அதற்கு முன்பாகக் காலை பத்து மணிக்கே அணியின் ரசிகர் மன்றக் கூட்டத்தைக் கூட்டியிருந்தார் தலைவர் டெய்லர் பூபாலன். அணியின் சட்டைகளைத் தைப்பவர் அவர்தான். துவைத்து, இஸ்திரி போட்டு, தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பவரும் அவர்தான். மேட்ச் அன்று பெட்டி அவர் கையால்தான் மன்றத்தை விட்டுக் கிளம்பும். பல வருட வழக்கம் அது.

இவர்கள் உள்ளே நுழைந்தபோது பூபாலன் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் வயர் இல்லாத மைக்.

"இருபத்தஞ்சு வருசமா பந்து பாக்குறேன்" என்று அவர் முழங்கினார். "பந்து வந்தா ஓங்கி முன்னாடி அடிக்கணும், பின்னாலயே ஓடணும். நம்ம பசங்க இன்னா பண்றாங்க? கோல்கீப்பர் கோலிகிட்ட குடுக்குறாங்க. கோலி இன்னொருத்தன்கிட்ட குடுக்குறான். அவன் திரும்ப கோலிகிட்டயே குடுக்குறான். கல்யாணப் பந்தியில சாம்பார் வாளி சுத்துற மாதிரி சுத்துது. எலையில ஒரு சொட்டு விழல!"

மன்றம் கைதட்டியது.

"இனிமே முன்னாடி அடிப்போம்னு கோச்சம்மா இந்த மைக்குல சொல்லட்டும். நான் பெட்டியை விட்டு எழுந்துக்கிறேன். இல்லாட்டி சட்டை கெடையாது."

நம்பர் போட்ட அந்தச் சட்டைகள் இல்லாமல் நடுவர் களத்தில் இறங்க விடமாட்டார். ஆடாமலே தோற்க வேண்டியதுதான். தெய்வநாயகம் போய்ப் பெட்டியை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த மன்றத்தில் ஒரு விதி உண்டு. மைக் கையில் இருப்பவர் மட்டும்தான் பேசலாம். மீறி வாயைத் திறந்தால் வெளியே போய் நிற்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள் என்று பூபாலன்தான் அதைக் கொண்டுவந்தார்.

மார்சலின் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அண்ணன் கேக்குறது நியாயம். சகாயராணி அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

மைக் மீன் விற்கும் சகாயராணியிடம் போனது.

"பந்து நம்ம பசங்க கால்ல இருந்தா எனக்கு நிம்மதியா கீது. அவங்க கால்லன்னாதான் நெஞ்சு அடிச்சிக்குது."

மைக் மார்சலினிடம் திரும்பியது. அவர் அதை ஆட்டோ முனிரத்தினத்திடம் கொடுத்தார்.

"நிம்மதி வேணும்னா கோயிலுக்குப் போ யக்கா. நான் சவாரியை வுட்டுட்டு வரேன். கண்ணால ஒரு கோல் பாக்க வேணாமா?"

ஒரே சிரிப்பு. பூபாலன் மகிழ்ந்து போய்க் கையை நீட்டினார். மைக் அவரைத் தாண்டி மறுபடி மார்சலினிடம் வந்து, மறுபடி சகாயராணியிடமே போனது.

"சும்மா ஓங்கி அடிச்சா அவங்க கோலி கைக்கே நேரா போவுது. அதுக்குப் பந்தை பார்சல் பண்ணி அனுப்பிடலாமே!"

பூபாலன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். விதி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

மைக் ஜன்னலோரம் போனது. பூபாலன் பாதி எழுந்தார். மைக் திரும்பி வந்தது. உட்கார்ந்தார். மைக் மூன்றாவது வரிசைக்குப் போனது. அவர் எழுந்து அங்கே ஓடினார். அதற்குள் அது மார்சலின் கைக்கு வந்து, கதவோரம் போய்விட்டது. அவர் கதவோரம் ஓடினார்.

தெய்வநாயகத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரே பேசுகிறது. கணக்கெல்லாம் தம் நோட்டில் இருக்கிறது. தம்மிடம் மட்டும் கோச்சம்மா மைக்கைக் கொடுக்கவில்லையே! இரண்டு முறை கையை உயர்த்தினார். மார்சலின் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சலித்துப்போய்க் கையை இறக்கினார். கை தகரத்தில் பட்டது. ஜில்லென்று இருந்தது.

பெட்டி.

பூபாலன் ஆறு வரிசை தள்ளி, மூச்சு வாங்க, அந்தக் கோடியில் நின்றார். எல்லார் கண்ணும் மைக்கின் மேல் இருந்தது. பெட்டியின் மேல் யாரும் இல்லை.

தெய்வநாயகம் நோட்டை நாற்காலியில் வைத்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் ஏற்றினார். பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டார். முப்பது வருடம் கிரேனில் டன் கணக்காகத் தூக்கியவர்தான். ஆனாலும் பெட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தெருவில் அணியின் வேன் நின்றது.

உள்ளே ஒலிபெருக்கியில் பூபாலனின் குரல் கேட்டது. மைக் கிடைத்துவிட்டது போலும்!

"நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். சும்மா சுத்திச் சுத்தி வந்துக்கினே இருந்தா கோலு..."

குரல் நின்றது.

"யோவ், பெட்டி எங்கய்யா?"

மன்றம் அதிரச் சிரித்தது. பூபாலன் மைக்கும் கையுமாகத் தெருவுக்கு ஓடிவந்தார்.

"தெய்வநாயகம்! பெட்டியைச் சாய்க்காதய்யா! மடிப்பு கலைஞ்சிடும்!"

அவரே பிடுங்கி, வேனில் நிமிர்த்தி வைத்தார். "இது என் கையாலதான் போவணும்" என்று தாமும் ஏறி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பின்னாலேயே ஏறிய மார்சலினை முறைத்தார்.

"மேட்ச் முடியட்டும் கோச்சம்மா, பேசிக்கிறேன்."

"பேசலாம்ணா. மைக் உங்ககிட்டதான் இருக்கு."

வேன் கிளம்பியது. தெய்வநாயகத்துக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. மார்சலின் பக்கமாகச் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"மைக்கைச் சுத்த வுட்டு அவரை ஓட வச்சீங்க, சரி. நான் எழுந்து பெட்டியைத் தூக்குவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணா."

"எழுந்துக்காம இருந்திருந்தா?"

"இன்னொரு சுத்து விட்டிருப்பேன்."

"அப்பவும் நான் உக்காந்தே இருந்தா?"

மார்சலின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பதினொண்ணுதானே ஆகுது. மேட்ச் நாலு மணிக்குண்ணா."