சுவடிச்சாலைக்குள் யார் போகலாம்?

மேலைக்கோட்டை ராயருக்குப் பேதி கண்ட கதையை அரண்மனையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நமக்கென்ன பயம்? நாம் சொல்லலாம்.

அந்த ஊர்ச் சுவடிச்சாலையில் வைத்தியர் ஓலை, நிலவரி ஓலை, படைத்தளவாட ஓலை, மடைப்பள்ளிப் பக்குவம் எல்லாம் ஒரே கூடத்தில் இருந்தன. யாரும் போகலாம், யாரும் படிக்கலாம். கையில் எழுத்தாணி இருந்தால் யாரும் திருத்தலாம். அவ்வளவு தாராள மனசு!

ஒருநாள் ஆஸ்தானப் புலவர் பொழுது போகாமல் உள்ளே நுழைந்தார். வைத்தியர் மருதவாணர் பாட்டாக எழுதி வைத்திருந்த மருந்து அவர் கண்ணில் பட்டது. 'கடுக்காய் ஒன்று' என்ற இடத்தில் தளை தட்டியது. புலவர் நெஞ்சு பொறுக்குமா? 'கடுக்காய் ஒன்பது' என்று திருத்திவிட்டார். பாட்டு சொகுசாக ஓடியது. மருந்து அரைக்கிறவன் ஓலையில் இருந்ததை அப்படியே அரைத்தான். ராயர் குடித்தார். அன்று முழுக்க ராஜ்ஜியம் கொல்லைப்புறத்திலிருந்தே ஆளப்பட்டது.

மறுநாள் சபையில் ராயர் உறுமினார். பிரதானி அனந்தப்பர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"பிரபு! சுவடிச்சாலை என்று பலகை மாட்டிய வாசலுக்குள், அரச முத்திரை பதித்த அனுமதி இல்லாமல் எவராயினும் நுழையக் கூடாது. இப்படி ஓர் உத்தரவு போடுங்கள்."

"முத்திரையையே திருடிவிட்டால்?"

"அதையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம். அதைவிடப் பத்திரமான இடம் ஏது?"

ஓரத்தில் நின்றிருந்த கூத்தபிரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சபையில் விகடம் பேசிச் சம்பளம் வாங்கும் மனுஷன். ஆனாலும் கணக்குத் தெரியும்.

"அரசே, முத்திரை உள்ளே போய்விட்டால் அனுமதி ஓலையில் எதைப் பதிப்பது?"

ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டார். ஓடுகிற ஓட்டத்திலேயே, "பிரதானி சொன்னபடியே ஆகட்டும்!" என்றார்.

அனந்தப்பருக்கு அன்று பிடித்தது யோகம். வரி எவ்வளவு? ஓலையைப் பார்க்க முடியாது, பிரதானியைக் கேள். எல்லைக்கல் எங்கே? பிரதானியைக் கேள். அவருடைய ஞாபகசக்தி நாளுக்கு நாள் வளர்ந்தது. ஞாபகம் வந்த நிலமெல்லாம் எப்படியோ அவருடைய மைத்துனன் நிலமாகவே இருந்தது.

அப்போதுதான் இளவரசிக்குக் குளிர்சுரம் கண்டது. குழந்தை கண் திறக்கவில்லை. மருதவாணர் கைகூப்பி நின்றார்.

"சுரத்துக்குரிய பாஷாண மருந்து ஓலையில் இருக்கிறது, பிரபு. அளவு ஓர் எள் கூடினாலும் உயிருக்கு ஆபத்து. ஞாபகத்தை நம்பிக் கொடுக்க மாட்டேன்."

ராயரே சுவடிச்சாலைக்கு ஓடினார். சபையும் பின்னால் ஓடியது. காவலர்கள் அவரைக் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள்.

"அனுமதி ஓலை, மகாராஜா?"

"முட்டாள்களே, நான் ராஜா!"

"'எவராயினும்' என்று உத்தரவு, மகாராஜா."

"கதவை உடையுங்கள்!"

அனந்தப்பர் காதருகே வந்து குழைந்தார். "உடைக்கலாம், பிரபு. ஆனால் தன் சொல்லைத் தானே உடைத்த ராஜா என்று ஊர் பேசும். பக்கத்து நாட்டானும் பேசுவான்."

ராயர் தவித்தார். தவிப்பு கோபமாயிற்று. கோபம் போய் விழுவதற்கென்றே ஒரு தலை பக்கத்தில் நின்றது.

"கூத்தபிரான்! உத்தரவு மீறக் கூடாது. மருந்தோலையும் வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் உன் தலை!"

கூத்தபிரானுக்குக் கவலை தன் தலையைப் பற்றி மட்டுமல்ல. அவர் அடிக்கும் கூத்துக்கெல்லாம் கைதட்டிச் சிரிக்கிற குழந்தை அது. கதவைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். அண்ணாந்து வாசல் நிலையைப் பார்த்தார்.

"ஓர் ஏணி கொண்டு வாருங்கள்" என்றார்.

ஏறினார். சுவடிச்சாலை என்று எழுதிய பலகையைக் கழற்றினார். தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உத்தரவு பலகை மாட்டிய வாசலுக்குத்தானே? ஈட்டியைத் தூக்கிக்கொண்டு பலகைக்குப் பின்னால் வரிசையாகப் போனார்கள். பலகை நேராக அனந்தப்பர் வீட்டு வாசலில் ஏறியது.

இங்கே, பெயரில்லாத ஒரு கூடத்தின் பூட்டைக் கொல்லன் ஒரே அடியில் திறந்தான். கேட்க ஆளில்லை. மருதவாணர் ஓலையை எடுத்தார். ராயர் முத்திரையை எடுத்துக்கொண்டார். மருந்து உள்ளே போனது. வெயில் தாழ்வதற்குள் குழந்தைக்கு வேர்த்தது. கண் திறந்து கஞ்சி கேட்டது.

அந்நேரம் அனந்தப்பர் தலைப்பாகை அவிழ்ந்து தொங்க ஓடிவந்தார்.

"பிரபு! என் வீட்டுக்குள் என்னை விட மாட்டேன் என்கிறார்கள்! உள்ளே சோறு ஆறிக்கொண்டிருக்கிறது!"

"அனுமதி ஓலை இருக்கிறதா, பிரதானி?" என்றார் ராயர்.

ராயர் கூத்தபிரான் பக்கம் திரும்பினார்.

"இனிமேல் யாரைத்தான் விடுவது, யாரைத் தடுப்பது? நீயே சொல்."

"அவரவர் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு, அரசே. மருந்தோலையை வைத்தியர் எழுதட்டும், அரைக்கிறவன் படிக்கட்டும், புலவர் அந்தப் பக்கமே தலைகாட்ட வேண்டாம். வரியோலையைக் குடிமக்கள் எல்லோரும் படிக்கட்டும். பிரதானி தொடவே வேண்டாம்."

"சரி. இவர் வீட்டுக்கு இவருக்கு என்ன அனுமதி கொடுக்கலாம்?"

"தாராளமாக உள்ளே போகட்டும். எல்லாவற்றையும் பார்க்கட்டும். எதையும் மாற்ற மட்டும் உரிமை கிடையாது."

"என் வீட்டிலேயா!" என்று அலறினார் அனந்தப்பர்.

"ஏன் பதறுகிறீர்கள், பிரதானி? நேற்று வரை மட்டும் அந்த உரிமை உங்களிடமா இருந்தது? உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்."

ராயர் அடக்க முடியாமல் சிரித்தார். கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். பக்கத்தில் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த பட்டத்தரசி தம்மையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், சிரிப்பைச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.