நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“ஆய்வேட்டுல இருந்து நாலாம் இயலை எடுத்தாத்தான் பதிவாளர் கையெழுத்துப் போடுவாராம் மேடம்” என்றார் தவமணி.

தவமணிக்கு வயது நாற்பத்தெட்டு. பள்ளியில் வேதியியல் வாத்தியார். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டி பேராசிரியர் ஜெசிந்தா, அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

அந்த இயலில்தான் விஷயமே இருந்தது. தோல் தொழிற்சாலையைச் சுற்றி நாற்பத்தொரு கிணறுகள். ஒவ்வொன்றின் தண்ணீரிலும் எவ்வளவு குரோமிய நஞ்சு என்ற கணக்கு. தொழிற்சாலை முதலாளி பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருக்கிறார். பதிவாளருக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

“ஏழு வருஷ உழைப்பு. இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“எடுத்துடுங்க.”

தவமணிக்குச் சுருக்கென்றது. இவருமா என்று மனசு விட்டுப்போயிற்று.

“பக்க நம்பரை மட்டும் தொடாதீங்க” என்றார் ஜெசிந்தா. “நூத்திப் பன்னெண்டுல இருந்து நூத்தி நாப்பத்தொன்பது வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.”

பைண்டிங் ஆகி வந்ததைப் பதிவாளர் முன்னும் பின்னும் புரட்டினார்.

“இதென்ன, இத்தனை வெள்ளைத் தாள்?”

“நீங்க எடுக்கச் சொன்னதை எடுத்துட்டோம் சார்.”

குற்றம் சொல்ல ஓர் எழுத்துகூட அகப்படவில்லை. முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தவமணி பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“இது எதுக்கு மேடம்?”

“வாய்மொழித் தேர்வுக்கு யாரைக் கூப்பிடப் போறீங்க?”

“வீட்டுல, ஹெட்மாஸ்டர், நாலு சிநேகிதங்க.”

“தண்ணி குடுத்தவங்களை?”

தவமணிக்கு அவமானமாக இருந்தது. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தேர்வுக்குப் பொதுமக்கள் யாரும் வரலாம், யாரும் கேட்கலாம். கேட்டதற்கு ஆய்வாளர் பதில் சொல்லியே தீரவேண்டும். பல்கலைக்கழகமே எழுதிவைத்த விதி.

அரங்கில் பின் வரிசைகள் கிணற்றுக்காரர்களால் நிரம்பியிருந்தன. பச்சையம்மாள் என்கிற பெண் எழுந்தாள்.

“எங்க கெணத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சினு போனீங்களே சார். அது எந்தப் பக்கத்துல கீது?”

பதிவாளர் துள்ளி எழுந்தார்.

“ஆய்வேட்டுல இல்லாததைக் கேக்கக் கூடாது.”

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் பிரதியைப் பிரித்துப் பார்த்தார்.

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வெறுமையா இருக்கே. இது ஆய்வேட்டுலதானே இருக்கு, பதிவாளர் சார்? நீங்க கையெழுத்துப் போட்ட ஆய்வேடு.”

பதிவாளர் உட்கார்ந்தார்.

“அந்தம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார் தேர்வாளர். “சொல்லலைன்னா பட்டம் கிடையாது.”

தவமணி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தவமணி வெள்ளைத் தாளைப் பிரித்துக் கையில் பிடித்தார்.

“நூத்திப் பன்னெண்டாம் பக்கம்மா. முதல் கிணறே உங்களுது” என்று வாசிக்க ஆரம்பித்தார்.